நாலரை லிட்டர்

போர்த்தோவிலிருந்து கடிதம்:
"அன்புள்ள தியோலிந்தா அம்மையார்,
உங்கள் வேனுக்கு முப்பதாயிரம் கிலோமீட்டர் ஆகப்போகிறது.
எங்களிடமே வாருங்கள்.
வெளியில் செய்தால் உத்தரவாதம்..."
அந்த இடத்தில் மூன்று புள்ளி.
மிரட்டலைக்கூட முழுசாக எழுதாத மரியாதை.

பிரகான்ஸாவிலிருந்து போர்த்தோ இருநூறு கிலோமீட்டர்.
போக இரண்டு மணி, வர இரண்டு மணி,
நடுவே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால்
இலவசக் காப்பி.
அன்றைக்கு ரொட்டி?
பதினோரு ஊர் இருக்கிறது எனக்கு.
கடைசி ஊரில் மூன்றே வீடு.
ஹார்ன் கேட்காவிட்டால்
மூன்று வீட்டிலும் கதவைத் திறந்து
ரோட்டைப் பார்ப்பார்கள்.

ஃபவுஸ்தோவின் பட்டறை
பழைய இறைச்சிக்கூடத்துக்குப் பின்னால்.
போர்டு இல்லை. நாய் உண்டு.
பெயர் பராஃபூஸு, திருகாணி என்று அர்த்தம்.
யார் வந்தாலும் நின்ற இடத்திலேயே சுற்றும்.

கொழுந்தன் எவரிஸ்தோ சொன்னான்:
"ஏழு வருஷ உத்தரவாதம்.
இரண்டுதான் போயிருக்கிறது.
மிச்ச ஐந்தை அறுபது யூரோவுக்கு விற்காதே."
அவன் சொல்லித் தப்பாய்ப் போனதில்லை.
அவனிடம் எனக்கு அதுதான் எரிச்சல்.

போன் போட்டேன்.
"வெளியில் செய்தால் போய்விடுமா?"
"நாங்கள் பரிந்துரைப்பதில்லை, அம்மா."
"போய்விடுமா?"
"எங்கள் ஆட்கள் பயிற்சி பெற்றவர்கள்."
"போய்விடுமா, போகாதா?"
கொஞ்ச நேரம் பியானோ.
பிறகு வேறொரு குரல், இளையது, களைத்தது:
"போகாது.
புத்தகத்தில் உள்ளபடி, உள்ள நாளில், உள்ள ஆயிலில்.
ரசீதைத் தொலைக்காதீர்கள்.
நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்."

ஃபவுஸ்தோ வேனைப் பார்க்கவில்லை.
புத்தகத்தைக் கேட்டார்.
கையைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்,
விரல்நுனியால் பக்கம் தள்ளினார்.
"இந்த ஆயில் என்னிடம் இல்லை.
இருப்பதை ஊற்றினால் இன்ஜினுக்குத் தெரியாது.
காகிதத்துக்குத் தெரியும்.
வியாழக்கிழமை வா."

வியாழன், நாலரை லிட்டர்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற ரகம்.
ரசீதில் ஆயிலின் எண், ஃபில்டரின் எண்,
ஓடிய கிலோமீட்டர், தேதி,
கீழே தன் வரி எண்.
"அது எதற்கு?"
"இப்படி ஒரு ஆள் இருந்தான் என்று தெரிய வேண்டாமா?"
மாவு டப்பாவில் வைத்தேன்.
நாற்பத்தைந்தாயிரத்தின் ரசீதும் அதில்,
அறுபதாயிரத்தினுடையதும்.

எழுபத்திரண்டாயிரத்தில் சத்தம்.
மூன்றாவது கியரில், ஏற்றத்தில் மட்டும்,
நேற்றைய ரொட்டியை யாரோ ஈறால் மெல்வது போல.
ஃபவுஸ்தோ பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.
பாதி மலையில் கையை உயர்த்தினார்.

"எவ்வளவு ஆகும்?"
"எனக்குத் திறக்கத் தெரியும்.
திறக்க மாட்டேன்.
ஒரு போல்ட்டைத் தொட்டால் இது என் கியர்பாக்ஸ்.
தொடாதவரை அவர்களுடையது.
போர்த்தோவுக்குப் போ.
டப்பாவோடு போ."

போனேன்.
காப்பி மோசமில்லை.
மேசையில் ரசீதுகளைப் பரப்பினேன்,
கீபோர்டின் மேல் கொஞ்சம் மாவு உதிர்ந்தது.
அந்த ஆள் ஒவ்வொன்றாகப் படித்தான்,
ஓட்டை தேடுகிறவன் வேகத்தில்.
மூன்றாவதின் மூலையில்
எண்ணெய்க் கட்டைவிரல் ரேகை ஒன்று.
அதையும் படித்தான்.
பிறகு ஸ்டாம்ப்பைத் தேடினான்.

நாலு நாள். புது கியர்பாக்ஸ். பைசா இல்லை.
அந்த நாலு நாளும் எவரிஸ்தோ
தன் காரில் ரொட்டி கொண்டுபோனான்,
ஹார்னைத் தப்பாக அடித்துக்கொண்டு.
அதற்காகவே அவனை மன்னித்தேன்.

திரும்பும் வழியில் பட்டறையில் நிறுத்தினேன்.
ஃபவுஸ்தோ ஏறி உட்கார்ந்தார்.
மூன்றாவது கியர், ஏற்றம்,
ஒரு சத்தமும் இல்லை.
"எந்தப் பக்கமாகத் திறந்தார்கள்? பார்த்தாயா?"
"காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்."

தலையாட்டினார்,
கல்யாணத்தை மதிலுக்கு வெளியே நின்று
கேட்டுவிட்டு வந்தவர் போல.
திருகாணி மட்டும்
வேனைச் சுற்றிச் சுற்றி வந்தது.